கையிலிருந்து பிடுங்கிய ஸ்பானர்

வெளிநாட்டு ஆட்களோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி, அவர்கள் பாஷையைக் கற்றுக்கொள் என்பதுதான். கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். பாஷை தெரிந்தால் சாப்பாடு கேட்கலாம், சண்டை போடலாம், சண்டை போட்டபின் சமாதானமும் ஆகலாம். ஆனால் பாஷை தெரிந்துவிட்டால் எல்லாம் புரிந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு பக்கத்துப் பாஷையும் தெரிந்த ஆள் ஒருவன் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தும், ஒரு நல்ல தொழிலாளியின் வேலை போக இருந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அந்த நடு ஆள் நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டி இருந்த ஒரு தோல் பதனிடும் ஆலையில் நான் ஏற்றுமதி குமாஸ்தா. லண்டனுக்கும் ஹாம்பர்க்குக்கும் ஆங்கிலத்தில் கடிதம் அடிப்பது என் வேலை. அதுவரை எங்கள் பக்கத்து ஆலைகள் எல்லாம் தோலைப் பாதிப் பக்குவத்தில் பதனிட்டுக் கப்பலேற்றிக்கொண்டிருந்தன. மீதி வேலையை அங்கே செய்துகொண்டு, லாபத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எங்கள் முதலாளிக்கு இது வெகுநாள் எரிச்சல். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். கடைசியில் அவர் துணிந்து ஒரு பெரிய இயந்திரத்தை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார். மாட்டுத் தோலை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பட்டைக் கத்தி அதை மேல் தோல், கீழ்த் தோல் என்று இரண்டாகப் பிரித்துத் தள்ளும் இயந்திரம் அது.

இயந்திரத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட வந்தவர் ஷ்மிட் என்ற ஜெர்மன்காரர். பிரித்த தோலுக்குச் சாயம் ஏற்றச் சொல்லித்தர வந்தவர் பவுலோ என்ற இத்தாலிக்காரர். அவர்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேச ஆள் வேண்டுமே. ஆலையில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன். டைப் மெஷினிலிருந்து என்னை எழுப்பி இயந்திர ஷெட்டுக்கு அனுப்பினார் பாய். அன்று முதல் எனக்கு 'துபாஷி' என்று பெயர் வந்தது.

ஷ்மிட்டின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இங்கிலாந்துக்காரன் யாராவது பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பான். எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் அது நன்றாகவே ஓடியது. பவுலோவுக்கு அந்த ஆங்கிலமும் கிடையாது. 'குட்', 'நோ குட்', இந்த இரண்டோடு சரி. மீதி எல்லாவற்றையும் கையாலும் புருவத்தாலும் பேசுவார். வந்த வாரத்திலேயே எங்கள் ஆட்களுக்கு அவர் 'பாலு' ஆகிவிட்டார். அவர்களோடு உட்கார்ந்து பீடி பிடிப்பார். மத்தியானம் அவர்கள் தூக்குச்சட்டியில் கை விட்டுக் களி எடுத்துத் தின்றுவிட்டு, 'குட்' என்பார். ஷ்மிட் அப்படி இல்லை. சங்கு ஊதும்போது ஷெட்டுக்குள் இருப்பார், மறு சங்கு ஊதும் வரை இயந்திரத்தை விட்டு நகரமாட்டார். நல்ல மனிதர். ஆனால் நல்லவர் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது.

அவர் வந்த அன்று பாய் மாலை போட்டு எல்லோர் முன்னாலும் ஒரு பிரசங்கம் செய்தார். "இந்த ஷெட்டுக்குள்ள துரைதான் மொதலாளி. யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்றது அவரு இஷ்டம். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்வதாக நினைத்துச் சொன்ன பேச்சு அது. நானும் ஒரு எழுத்து விடாமல் ஷ்மிட்டுக்கு மொழிபெயர்த்தேன். ஷ்மிட் தலையை ஆட்டிவிட்டு, இயந்திரம் வந்த மரப்பெட்டியைத் திறக்கக் கடப்பாரை கேட்டார்.

இயந்திர வேலைக்கு ஆட்களை, பச்சைத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கத்திலிருந்து பொறுக்கி எடுத்தோம். அவர்களில் ஒருவன் கோவிந்தன். குடியாத்தம் நெசவுக் குடும்பம். அண்ணனோடு தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்துகொண்டிருந்தவன். அண்ணன் எதற்கெடுத்தாலும் தலையில் குட்டுகிற ரகம். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "உன் தறியும் வேணாம் உன் சோறும் வேணாம், நானா பொழைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி பட்டம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்துவிட்டான். அப்படிச் சொல்லிவிட்டு வந்தவன் திரும்பிப் போவதென்றால் அது எப்படிப்பட்ட போக்கு என்று உங்களுக்கே தெரியும்.

தறியில் வளர்ந்ததாலோ என்னவோ, இயந்திரத்தின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கோவிந்தனுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை காட்டினால் போதும், கை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஷ்மிட் என்னிடம் ரகசியமாகச் சொன்னார், நான் ஊருக்குப் போனபிறகு இந்த இயந்திரத்தை இவனிடம்தான் விடவேண்டும் என்று. எனக்கும் சந்தோஷம். ஆனால் எல்லாம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு காலை கோவிந்தன் உருளையின் ஓரத்து போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். ஷ்மிட் பின்னால் நின்று பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அவன் கையிலிருந்த ஸ்பானரை எடுத்து, தானே குனிந்து அந்த போல்ட்டை இரண்டு சுற்று பின்னுக்கு விட்டு, மறுபடி மெதுவாக முடுக்கினார். 'இப்படி' என்பது போல நிமிர்ந்து பார்த்தார். கோவிந்தன் அங்கே இல்லை. குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான் என்று நான் நினைத்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அடுத்து இன்னொருவன் அதே மாதிரி போனான். பிறகு இன்னொருவன். யார் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கிறானோ அவன்தான் காணாமல் போனான். மிச்சம் இருந்தவர்கள் நாளுக்கு நாள் மந்தமானார்கள். நேற்று சரியாக முடுக்கியவன் இன்று கோணலாக முடுக்கினான். எண்ணெய் போடச் சொன்னால் தரையில் ஊற்றினான். ஷ்மிட்டுக்குத் தலை சுற்றியது. "நான் சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொருவனும் ஓடிவிடுகிறான். சொல்லிக்கொடுக்காதவன் கெட்டுப்போகிறான்" என்று என்னிடம் புலம்பினார். நான் மேஸ்திரியைக் கேட்டேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "துரை இஷ்டம் சார், நாம இன்னா சொல்றது" என்றார்.

இந்த இடத்தில் பவுலோவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு நாள் டீ நேரத்தில் அவர் என் முன்னால் ஒரு நாடகம் நடித்துக் காட்டினார். முதலில் முதுகை நிமிர்த்தி, முகத்தை இறுக்கிக்கொண்டு ஷ்மிட்டைப் போல நடந்து வந்தார். உடனே அந்தப் பக்கம் குதித்து, எங்கள் ஆளைப் போலக் கையில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஷ்மிட் வருவதைக் கண்டதும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பிறகு கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரோ சிரிக்கவில்லை. திரும்பவும் ஒருமுறை நடித்தார். நான் திரும்பவும் சிரித்தேன். பாவம், இந்த மடையனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அவர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். காது நிறைய ஆங்கிலம் வைத்திருந்தவனுக்குக் கண் வேலை செய்யவில்லை.

கடைசியில் ஷ்மிட் பாயிடம் போனார். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு வேலை நடக்காது, பம்பாயிலிருந்து பழகிய ஆட்களைத் தருவியுங்கள், இல்லாவிட்டால் நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றார். ஹாம்பர்க்கிலிருந்து தோல் வாங்குகிறவர்களின் ஆள் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அவர் முன்னால் இயந்திரம் ஓடவேண்டும். பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "பேஜாரா போச்சேப்பா. சரி, வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சுட்டு வந்து பம்பாய்க்குத் தந்தி குடுத்துடலாம்" என்றார். தந்தி போய்விட்டால் கோவிந்தனுக்கும் மற்றவர்களுக்கும் அந்த ஷெட்டில் இனி இடமில்லை.

வெள்ளிக்கிழமை. பாய் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போயாயிற்று. கேட்டில் ஒரு பெண் சத்தம் போடுகிறாள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னான். போய்ப் பார்த்தால் பட்டம்மாள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்கிறாள். என்ன விஷயம் என்று கேட்டேன். துரையைப் பார்க்கணும் என்றாள். துரை வேலையாக இருக்கிறார், என்னிடம் சொல் என்றேன். உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே ஷெட்டுக்குள் நடந்தாள். ஷ்மிட்டின் முன்னால் போய் நின்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு இன்னா தப்பு பண்ணாரு? அத்த மட்டும் சொல்லச் சொல்லு. வேலய திருப்பிக் கேக்க வர்ல. தப்பு இன்னான்னே தெரியாம குடியாத்தத்துல எங்க மச்சாண்டார் ஊட்டு வாசல்ல போயி எப்பிடி நிக்கிறது?"

நான் மொழிபெயர்த்தேன். ஷ்மிட் விழித்தார். "தப்பா? அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. இங்கே இருந்தவர்களில் அவன்தான் முதல்தரமானவன். அவன் ஏன் ஓடிப்போனான் என்று நான் அல்லவா கேட்கவேண்டும்?"

அதை அவளிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடிப்போனாரா? கையில இருந்த சாமான இவுரு புடுங்கிட்டாரு. அப்பறம் அங்க நின்னுனு இன்னா பண்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலை மரக்கட்டையில் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையைச் சுரண்டுவார்கள். ஒவ்வொருவனுக்கும் அவனவன் கத்தி. அந்தக் கத்தியை மேஸ்திரி வந்து ஒருவன் கையிலிருந்து எடுத்துவிட்டால், அவனுக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். திட்டு கிடையாது, கத்தல் கிடையாது. பத்துப் பேர் நடுவில் ஒருவனை வாயால் 'போ' என்று சொல்வது அவமானம் என்று, எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ ஏற்படுத்திய வழக்கம். கத்தி போனவன் கை கால் கழுவிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவான். காரணம் கேட்பது கௌரவம் இல்லை. எங்கள் ஆட்கள் சுண்ணாம்புத் தொட்டியை விட்டு இயந்திர ஷெட்டுக்கு வந்தபோது, கத்திக்கு இருந்த அந்த வழக்கமும் கூடவே வந்து ஸ்பானரில் உட்கார்ந்துகொண்டது. யாரை வைத்துக்கொள்வது யாரை அனுப்புவது என்பது துரை இஷ்டம் என்று பாய் வேறு சொல்லி வைத்திருந்தார். நன்றாக வேலை செய்கிறவனைப் பார்த்துப் பார்த்து துரை அனுப்புகிறார் என்றால், பிழைக்கத் தெரிந்தவன் என்ன செய்வான்? கோணலாகத்தான் முடுக்குவான்.

இதையெல்லாம் நான் ஷ்மிட்டுக்கு விளக்கினேன். அவர் முகம் சிவந்தது. ஒரு ஸ்பானருக்காக வீட்டுக்குப் போகிறவன் வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும், இதை இவளிடம் சொல் என்றார்.

பிள்ளைகளே, நடுவில் நின்று பேசுகிற இந்த வேலையில் இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். ஒருவர் சொன்னதை அப்படியே சொன்னால் எல்லாம் பாழ். மாற்றிச் சொன்னால் நீங்கள் பொய்யன், நாளைக்கு உங்கள் வாயிலிருந்து வருகிற எதையும் இரண்டு பக்கத்தாரும் நம்பமாட்டார்கள். சொன்னதை மாற்றக்கூடாது. சொல்லும் நேரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். நான் ஷ்மிட்டிடம், கண்டிப்பாகச் சொல்கிறேன், முதலில் டீ வரட்டும் என்றேன். பட்டம்மாளிடமும் மறைக்கவில்லை. "துரை கோவத்துல ஒண்ணு சொன்னாரு. டீ குடிச்சப்பறமும் அதயே சொன்னார்னா, அப்பிடியே உங்கிட்ட சொல்லிட்றேன்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, குடிக்கட்டும்" என்றாள்.

டீ வந்தது. ஷ்மிட் இரண்டு வாய் குடித்தார். பிறகு, கோபம் போகாமலே, ஆனால் சத்தம் குறைந்து, தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பதினாலு வயதில் அவர் ஒரு பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தாராம். அங்கே இருந்த மாஸ்டர் அவர் கையிலிருந்து அரத்தைப் பிடுங்குவார், தானே ராவிக் காட்டுவார், திருப்பித் தருவார். திரும்பப் பிடுங்குவார். இப்படிக் கணக்கில்லாத தடவை. மற்ற பையன்களுக்கு அதைப் பார்த்துப் பொறாமையாக இருக்குமாம். ஏனென்றால் தேறாது என்று தோன்றுகிறவன் பக்கம் மாஸ்டர் வரவே மாட்டார். "முட்டாளின் கையிலிருந்து யாராவது கருவியை வாங்குவார்களா? வாங்கி என்ன பிரயோஜனம்?" என்றார் ஷ்மிட்.

நான் கேட்டேன், "ஒரு நாள் அந்த மாஸ்டர் உங்கள் பக்கமே வராமல், மற்றவர்கள் அரத்தை மட்டும் வாங்கிக் காட்டிவிட்டுப் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

அவர் உடனே பதில் சொன்னார். "வீட்டுக்குப் போயிருப்பேன்."

சொன்னபிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. தான் மிகவும் மதித்த ஆட்களை ஒவ்வொருவராகத் தன் கையாலேயே வெளியே அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு மனிதன் தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை. முன்னே சொன்னதை அவளிடம் சொல்லவேண்டாம் என்றார். இதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவளைக் கேட்கச் சொன்னார்.

"எடுத்த கைதான் குடுக்கணும்" என்றாள் பட்டம்மாள். "ஆனா அவரு பெட்டியத் தூக்கினு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ட்டாரு. கடைக்குப் போய்ட்டு வர்றேன்னு சொல்ட்டு நான் இங்க வந்தேன். மத்தியான பஸ்ஸு கிளம்பிடும்."

பாயின் வண்டி பள்ளிவாசலில் இருக்கிறது. வாசலில் நின்ற ஜட்காவைப் பிடித்தோம். அதில் ஷ்மிட் ஏறியபோது குதிரை திரும்பிப் பார்த்தது. அவர் முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க உட்கார்ந்தார், கையில் அந்த ஸ்பானர். பட்டம்மாள் முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஜல்தியா ஓட்டு, ஜல்தியா ஓட்டு" என்று அவனைப் பாடாய்ப் படுத்தினாள். பவுலோவை யாரும் கூப்பிடவில்லை. அவர் மேஸ்திரியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் ஸ்பானரோடு ஓடி வருவதைக் கண்டதும் கண்டக்டர் கீழே இறங்கி வழிமறித்தார். "வண்டி நல்லாத்தான் ஓடுது துரை, ஒண்ணும் ரிப்பேர் இல்ல" என்றார். அவரை நான் ஒருபக்கம் தள்ளிக்கொண்டு போனேன். கோவிந்தன் ஜன்னல் ஓரத்தில், மடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். ஷ்மிட் ஜன்னல் வழியாக ஸ்பானரை நீட்டினார். என்னைப் பார்த்து, இவன் தப்பு ஏதும் செய்யவில்லை, தப்பாகப் புரிந்துகொள்ளும்படி நான்தான் செய்துவிட்டேன், இதைச் சொல் என்றார். இந்த முறை டீக்குக் காத்திருக்காமல் உடனே சொன்னேன்.

கோவிந்தன் ஸ்பானரைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"இங்க குடுத்தா பஸ்ஸுல கீறவங்களுக்குத்தான் தெரியும். புடுங்கின எடத்துல, பாத்தவங்க முன்னாடி குடுக்கணும்" என்றான்.

கெட்டது காரியம், இவ்வளவு தூரம் இறங்கி வந்த மனிதரிடம் இதையும் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னதை மாற்றக்கூடாது என்ற சட்டம் எனக்கும்தானே. சொன்னேன். ஷ்மிட் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சரியாகச் சொல்கிறான். எடுத்த போல்ட்டை எடுத்த இடத்தில்தான் மாட்டவேண்டும்" என்றார். கோவிந்தன் பெட்டியோடு கீழே இறங்கினான். டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கண்டக்டர் சொன்னார். அவரோடு பட்டம்மாள் போட்ட சண்டை இந்தக் கதையில் சேராது.

நாங்கள் ஷெட்டுக்குத் திரும்பியபோது பாயும் தொழுகை முடித்து வந்திருந்தார், தந்தி வாசகத்தை என்னிடம் சொல்லி எழுதவைக்கக் காத்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "அடப்பாவிங்களா, நானே சொல்லி வெச்சுட்டேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மேஸ்திரி போய், ஸ்பானர் பறிபோய் வீட்டில் இருந்த மற்ற ஆட்களையும் அழைத்து வந்தார். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஷ்மிட் அதே உருளைக்குப் பக்கத்தில் நின்று, கோவிந்தனிடம் ஸ்பானரைக் கொடுத்தார். எங்கள் ஊரில் மரியாதையாக ஒன்றைக் கொடுப்பதென்றால் எப்படி என்று வழியில் பட்டம்மாள் காட்டியிருக்கவேண்டும், இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராக. கோணலாக முடுக்கியவன் எல்லாம் நெளிந்துகொண்டு நின்றான். பம்பாய்க்குத் தந்தி போகவில்லை.

அதன்பிறகு ஷ்மிட் ஷெட்டுக்குள் நடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். சொல்லவேண்டியதை எல்லாம் வாயால் சொல்வார், நான் மொழிபெயர்ப்பேன். கை சும்மா இருக்கமுடியாமல் அவர் படும் பாட்டைப் பார்த்துப் பவுலோ அதையும் ஒரு நாடகமாக நடித்துக் காட்டினார். வேலை நடந்தது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது எனக்கும் தெரிந்தது. கையால் காட்டவேண்டியதை வாயால் சொல்லி, அதை இன்னொரு வாய் வாங்கித் திருப்பிச் சொல்லும்போது, பாதி ஆறிப்போய்விடுகிறது. ஒரு ஊரின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டு அதை மீறாமல் நடந்துகொண்டால் போதும் என்று நீங்கள் நினைப்பீர்கள். போதாது. சண்டை வராது, அவ்வளவுதான்.

ஹாம்பர்க் ஆள் வந்தார். பாய் வெள்ளை ஷெர்வானியில் நின்றார். முதல் தோலை உருளைக்குள் விட்டோம். போனது, பாதி வழியில் கத்தி முனகியது. வெளியே வந்த தோலின் ஒரு ஓரம் தடித்தும் ஒரு ஓரம் வெற்றிலை போல மெலிந்தும் இருந்தது. ஹாம்பர்க் ஆள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். இயந்திரத்தை நிறுத்தினார்கள். கோவிந்தன் ஓரத்து போல்ட்டைத் திருத்தினான். இரண்டாவது தோலும் அதே மாதிரி வந்தது. ஷ்மிட் என்னைப் பார்த்து வேகமாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சொல்வது ஒரு விரல்நுனியின் பதம். அதற்கு ஆங்கிலத்திலும் வார்த்தை இல்லை, தமிழிலும் வார்த்தை இல்லை. நான் உளறினேன். பாயின் நெற்றியில் வியர்வை.

ஷ்மிட்டின் கை தன்னையறியாமல் முன்னால் வந்தது. கோவிந்தன் பிடித்திருந்த ஸ்பானருக்குக் கொஞ்ச தூரத்தில் வந்து நின்றது. ஷெட்டில் எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம். அவர் அதை மெதுவாக இழுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

கோவிந்தன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து அவர் முன்னால் நீட்டினான்.

"இந்தா சார். காமி" என்றான்.

ஷ்மிட் வாங்கிக்கொண்டு குனிந்தார். கோவிந்தனும் அவர் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்தான். அவர் போல்ட்டைப் பின்னுக்கு விட்டார், விரலால் தொட்டுப் பார்த்தார், இவன் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கொஞ்சம் முடுக்கினார். ஸ்பானரை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். அவன் கொஞ்சம் முடுக்கினான். அவன் நீட்டினான், அவர் வாங்கினார். அவர் நீட்டினார், இவன் வாங்கினான். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பவுலோ எனக்குப் பின்னால் நின்று, மெதுவாக, "குட்" என்றார்.

நான் வழக்கம்போல முன்னால் போய், துரை என்ன சொல்கிறார் என்றால் என்று ஆரம்பித்தேன். கோவிந்தன் குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பினான்.

"நீ போயி டீ குடி சாரே" என்றான்.

போனேன். அந்த டீயைப் போல ஒரு டீயை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.